எஸ்.ஏ.டி.யில் 1520, ஜிபிஏ 3.1: அமெரிக்கக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் தமிழ்ப் பெற்றோருக்கு

எங்கள் மகன் நியூஜெர்சியில் ஓர் அரசுப் பள்ளியில் படித்து, 2025-26 விண்ணப்பப் பருவத்தில் கல்லூரிகளுக்கு விண்ணப்பித்தான். கல்லூரிச் சேர்க்கைக்கான பொதுத் தேர்வான எஸ்.ஏ.டி.யில் மதிப்பெண் 1600க்கு 1520, பள்ளிப் பாடங்களின் சராசரியான ஜிபிஏ 4.0க்கு 3.1. முதல் எண்ணைப் பார்த்து நானும் என் மனைவியும் நிம்மதியாகத் தூங்கினோம். தமிழ்நாட்டில் கட்-ஆஃப் என்ற ஒரே எண்ணை வைத்துப் பொறியியல் இடம் வாங்கிய எங்களுக்கு, ஒரு தேர்வை நன்றாக எழுதிவிட்டால் மற்றதெல்லாம் தானாக நடக்கும் என்ற நம்பிக்கை ஊறிப்போயிருந்தது. அமெரிக்கக் கல்லூரியில் விண்ணப்பத்தைப் படிப்பவருக்கோ அந்த 1520 ஒரு கேள்வியை எழுப்புகிறது: இவ்வளவு திறமை இருக்கும் மாணவன் நான்கு வருடமாக வகுப்பில் என்ன செய்துகொண்டிருந்தான்? இனி நீங்கள் தயாரிக்கப்போகும் ஒவ்வொரு தாளும் இந்த ஒரு கேள்விக்கு ஒரே பதிலைச் சொல்ல வேண்டும். அதை நாங்கள் டிசம்பரில்தான் புரிந்துகொண்டோம். உங்கள் பிள்ளை பத்தாவதிலோ பதினொன்றாவதிலோ இருந்தால் உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது.

1. ஜிபிஏ ஏன் குறைந்தது என்பதைத் துல்லியமாகக் கண்டுபிடியுங்கள்

"கவனம் இல்லை", "சோம்பேறித்தனம்" என்று பொதுவாகச் சொல்லிக்கொள்வதில் பயன் எதுவும் இல்லை. பள்ளியின் பெற்றோர் போர்ட்டலைத் திறந்து, பாடம் பாடமாக, பருவம் பருவமாகப் பாருங்கள். எங்கள் வீட்டில் அப்படி ஒருநாள் இரவு பத்தாம் வகுப்பு வேதியியல் பக்கத்தைத் திறந்தபோது, தேர்வுகளின் வரிசையில் 94, 97, 91 என்று இருந்தது. அதற்குக் கீழே வீட்டுப்பாட வரிசையில் பூஜ்ஜியம், பூஜ்ஜியம், 60, பூஜ்ஜியம். அந்த வகுப்பில் வீட்டுப்பாடத்துக்கு 30 சதவீத மதிப்பு. செய்யவில்லையா என்று கேட்டால், அவன் பையின் அடியிலிருந்து மடங்கிக் கசங்கிய ஏழு தாள்களை எடுத்துக் காட்டினான். ஏழும் செய்து முடித்தவை, ஒன்றுகூடக் கொடுக்கப்படவில்லை. இறுதித் தேர்வு ஒன்றே எல்லாவற்றையும் தீர்மானிக்கும் முறையில் படித்த நமக்கு இந்தக் கணக்கு எளிதில் கண்ணில் படுவதில்லை.

காரணம் தெரிந்தால்தான் அடுத்த படி எது என்று முடிவு செய்ய முடியும். வீட்டுப்பாடம் காரணம் என்றால் அதை இந்தப் பருவத்திலேயே சரிசெய்யலாம். உடல்நலக் குறைவோ குடும்பத்தில் ஏற்பட்ட இழப்போ காரணம் என்றால், அது எந்த மாதங்களில் நடந்தது, எந்தப் பாடங்கள் பாதிக்கப்பட்டன என்று குறித்துவைத்துக்கொள்ளுங்கள். எல்லாப் பாடங்களும் சீராக பி, சி என்றே இருந்தால் மாணவர்களுக்கு வழிகாட்டும் பள்ளி ஆலோசகரான கவுன்சிலரிடம் பேசி, தேவைப்பட்டால் கவனக்குறைபாட்டுக்கான மருத்துவ மதிப்பீட்டையும் செய்துகொள்வது நல்லது. இதில் வெட்கப்பட ஏதும் இல்லை. ஆனால் தாமதித்தால் மதிப்பீட்டு அறிக்கை வருவதற்குள் விண்ணப்பக் காலம் முடிந்துவிடும்.

2. மதிப்பெண் பட்டியலைச் சரிபாருங்கள்

டிரான்ஸ்கிரிப்ட் எனப்படும் மதிப்பெண் பட்டியலின் நகலைப் பதினொன்றாம் வகுப்பின் முடிவில் பள்ளியிலிருந்து வாங்குங்கள். அதில் இரண்டு ஜிபிஏ இருக்கக்கூடும். ஒன்று எல்லாப் பாடங்களையும் சமமாகக் கருதி 4.0க்குக் கணக்கிடுவது. மற்றொன்று கடினமான ஹானர்ஸ் பாடங்களுக்கும், கல்லூரி அளவிலான ஏபி பாடங்களுக்கும் கூடுதல் எடை கொடுப்பது. பள்ளிக்குப் பள்ளி இந்தக் கணக்கு மாறுவதால் பல கல்லூரிகள் தங்கள் முறைப்படி மீண்டும் கணக்கிட்டுக்கொள்கின்றன. ஆகவே நண்பர் வீட்டுப் பிள்ளையின் 4.3ஐக் கேட்டு மிரள வேண்டாம்.

பள்ளி, பட்டியலோடு சேர்த்து "ஸ்கூல் ப்ரொஃபைல்" என்ற ஓரிரு பக்கத் தாளையும் அனுப்புகிறது. எத்தனை ஏபி பாடங்கள் உள்ளன, மதிப்பெண்கள் எப்படி வழங்கப்படுகின்றன, வகுப்புத் தரவரிசை உண்டா என்பதெல்லாம் அதில் இருக்கும். பெரும்பாலும் பள்ளியின் இணையதளத்திலேயே கிடைக்கும், படித்துப் பாருங்கள். தரவரிசை வெளியிடாத பள்ளி என்றால் உங்களுக்கு அது ஒரு சிறு அனுகூலம்.

ஒரு பொறி: ரட்கர்ஸ், பென் ஸ்டேட் போன்ற பல்கலைக்கழகங்கள் ஸ்டார்ஸ் (முன்பு எஸ்.ஆர்.ஏ.ஆர்.) என்ற இணையப் படிவத்தில் மாணவனே தன் எல்லாப் பாடங்களையும் கிரேடுகளையும் தட்டச்சு செய்யும்படி கேட்கின்றன. நினைவிலிருந்து நிரப்பக் கூடாது. பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரி வரியாக நிரப்ப வேண்டும். சேர்க்கைக்குப் பின் அசல் பட்டியலோடு ஒப்பிடுவார்கள். ஒரு பி-மைனஸ் தவறுதலாக பி ஆகியிருந்தாலும் விளக்கம் சொல்ல வேண்டிவரும். இதற்கு ஒரு மாலைப்பொழுது முழுவதும் ஆகும்.

3. எஸ்.ஏ.டி.யை எங்கே நிறுத்துவது என்று முடிவு செய்யுங்கள்

நாங்கள் செய்த பெரிய தவறு இதுதான். ஜூனில் 1490, ஆகஸ்டில் 1520 வந்த பிறகும், 1550 வந்தால் ஜிபிஏவை மறக்கடித்துவிடலாம் என்று அக்டோபர் தேர்வுக்கும் பதிவு செய்தோம். மகன் செப்டம்பர் முழுவதும் மாதிரித் தேர்வுகள் எழுதினான். அக்டோபரில் 1510 வந்தது. அதே செப்டம்பரில் இயற்பியலிலும் ஆங்கிலத்திலும் அவனுடைய கிரேடுகள் சரிந்தன. ஏற்கெனவே வலுவாக உள்ள எண்ணில் 30 புள்ளி கூடுவதால் யாருடைய மனமும் மாறப்போவதில்லை. பன்னிரண்டாம் வகுப்பின் முதல் பருவத்தில் வரிசையாக ஏ வாங்கினால் மாற வாய்ப்பு இருக்கிறது. நீங்கள் குறிவைக்கும் கல்லூரிகளில் சேர்ந்தவர்களின் மேல் கால்பகுதி மதிப்பெண்ணைத் தொட்டுவிட்டால் அங்கேயே நிறுத்துங்கள்.

தேர்வுக் கட்டணம் ஒவ்வொரு முறையும் 68 டாலர். மதிப்பெண்ணை அனுப்ப, தேர்வுக்குப் பின் 9 நாட்கள் வரை நான்கு கல்லூரிகளுக்குக் கட்டணம் இல்லை; அதன் பிறகு ஒரு கல்லூரிக்குச் சுமார் 15 டாலர். மாணவனே விண்ணப்பத்தில் மதிப்பெண்ணை எழுதினால் போதும், சேரும்போது அதிகாரபூர்வ அறிக்கை அனுப்பலாம் என்று பல கல்லூரிகள் அனுமதிக்கின்றன. அதைப் பார்க்காமல் எல்லாவற்றுக்கும் பணம் கட்டாதீர்கள்.

எஸ்.ஏ.டி.யை விடவும் உங்களுக்கு உதவக்கூடியது ஏபி தேர்வு. வகுப்பில் பி வாங்கிய அதே பாடத்தில் மே மாத ஏபி தேர்வில் 5க்கு 5 வாங்கியிருந்தால், பாடத்தை அவன் உண்மையிலேயே கற்றிருக்கிறான் என்பதற்கு அது நேரடிச் சான்று. ஒரு தேர்வுக்கு 99 டாலர். பதினொன்றாவதின் மே மாதத்துக்குள் எழுதியவைதான் பயன்படும், ஏனெனில் பன்னிரண்டாம் வகுப்பில் எழுதுபவற்றின் முடிவு ஜூலையில் வரும்போது சேர்க்கை முடிந்திருக்கும்.

4. உங்கள் மதிப்பெண்ணைப் படிக்கும் கல்லூரிகளை மட்டும் தேர்ந்தெடுங்கள்

இந்தப் படிக்கு ஒரு மாதம் ஒதுக்குங்கள். வலுவான எஸ்.ஏ.டி.யைத் திறந்தே பார்க்காத கல்லூரிகளும் உண்டு, அதற்கு நல்ல இடம் தரும் கல்லூரிகளும் உண்டு.

கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் வளாகங்களும், கலிபோர்னிய மாநிலப் பல்கலைக்கழக வளாகங்களும் சேர்க்கைக்கு எஸ்.ஏ.டி.யைக் கருதுவதே இல்லை. அதோடு கலிபோர்னியப் பல்கலைக்கழகத்துக்கு மாநில மாணவர்களுக்குக் குறைந்தபட்சம் 3.0, வெளிமாநில மாணவர்களுக்கு 3.4 ஜிபிஏ வேண்டும், அதுவும் அவர்களின் கணக்கீட்டின்படி. எங்கள் மகனைப் போன்ற வெளிமாநில மாணவனுக்கு அங்கே கதவு மூடியிருந்தது. அதைப் பார்க்காமல் மூன்று வளாகங்களுக்குத் தலா 80 டாலர் கட்டப்போனோம்; ஒரு நண்பர் தடுத்தார். டெக்சாஸில் வசிப்பவர்கள் கவனிக்க வேண்டியது வேறு: அங்கே அரசுப் பல்கலைக்கழகங்களில் மாநிலச் சட்டப்படியான தானியங்கிச் சேர்க்கை வகுப்புத் தரவரிசையைப் பொறுத்தது, ஆகவே எஸ்.ஏ.டி. எவ்வளவு இருந்தாலும் அந்த வரிசையில் நிற்க முடியாது. முழு விண்ணப்பத்தையும் படித்து முடிவெடுக்கும், போட்டி மிகுந்த மற்ற வரிசையில்தான் நிற்க வேண்டியிருக்கும்.

எம்ஐடி, ஹார்வர்டு, யேல், பிரவுன், டார்ட்மத், கார்னெல், ஸ்டான்போர்டு ஆகியவை தேர்வு மதிப்பெண்ணை மீண்டும் கட்டாயமாக்கியிருக்கின்றன என்ற செய்தியைப் படித்து நம் வீடுகளில் பலர் மகிழ்கிறார்கள். நானும் மகிழ்ந்தேன். அங்கே 1520 என்பது கூட்டத்தில் ஒருவராக நிற்பதற்கான அனுமதிச்சீட்டு மட்டுமே. கூட்டத்தில் மற்ற எல்லோரிடமும் கிட்டத்தட்ட முழு ஜிபிஏவும் இருக்கும். ஆசைக்கு ஒன்று போடலாம்.

பிறகு எங்கே பார்ப்பது? இரண்டு கருவிகள் இருக்கின்றன, இரண்டும் இலவசம். முதலாவது, பெரும்பாலான கல்லூரிகள் ஆண்டுதோறும் வெளியிடும் "காமன் டேட்டா செட்" என்ற ஆவணம். கல்லூரியின் பெயரோடு சேர்த்துத் தேடினால் கிடைக்கும். அதில் சி7 என்ற பகுதியில் ஜிபிஏ, தேர்வு மதிப்பெண், பாடங்களின் கடினம், கட்டுரை போன்ற ஒவ்வொன்றும் "மிக முக்கியம், முக்கியம், கருதப்படும், கருதப்படாது" என்ற நான்கு கட்டங்களில் ஒன்றில் குறிக்கப்பட்டிருக்கும். சி9இல் சேர்ந்தவர்களின் எஸ்.ஏ.டி. வரம்பும், சி11இல் எத்தனை சதவீதத்தினர் எந்த ஜிபிஏவோடு சேர்ந்தார்கள் என்பதும் இருக்கும். 3.00 முதல் 3.24 வரை என்ற வரியில் ஒரு சதவீதம்கூட இல்லாத கல்லூரியை அடித்துவிடுங்கள். பத்து சதவீதம் இருந்தால் பட்டியலில் சேருங்கள்.

இரண்டாவது, உங்கள் பள்ளி நேவியன்ஸ் போன்ற தளத்தைப் பயன்படுத்தினால், அதிலுள்ள புள்ளி வரைபடம். உங்கள் பள்ளியிலிருந்தே முன்பு விண்ணப்பித்தவர்களின் எஸ்.ஏ.டி. ஒரு அச்சிலும் ஜிபிஏ மறு அச்சிலும் குறிக்கப்பட்டு, இடம் கிடைத்தவர்கள் பச்சையிலும் கிடைக்காதவர்கள் சிவப்பிலும் தெரிவார்கள். எங்கள் மகனின் புள்ளி வலது கீழ் மூலையில் தனியாக இருந்தது. பெரும்பாலான கல்லூரிகளின் படத்தில் அந்த மூலையில் பச்சை எதுவும் இல்லை. சிலவற்றில் இரண்டு மூன்று பச்சைப் புள்ளிகள் இருந்தன. எங்கள் பட்டியலின் நடுப்பகுதியை அந்தப் புள்ளிகளை வைத்துத்தான் அமைத்தோம்.

உறுதியான கல்லூரிகளை முதலில் தேடுங்கள், கனவுக் கல்லூரிகளைக் கடைசியில். அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: தேவையான பள்ளிப் பாடங்களை முடித்திருந்தால், 3.0 ஜிபிஏ, வகுப்பில் முதல் 25 சதவீதம், வெளிமாநிலத்தவருக்கு எஸ்.ஏ.டி. 1180 ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தாலே பொதுச் சேர்க்கைக்குப் போதும் என்ற விதி அங்கே உண்டு. பொறியியல் போன்ற துறைகளுக்கு அதற்கு மேல் கேட்பார்கள். அலபாமா பல்கலைக்கழகம் போன்றவை எந்த ஜிபிஏ, எந்த எஸ்.ஏ.டி. இருந்தால் எவ்வளவு உதவித்தொகை என்று அட்டவணையாகவே வெளியிடுகின்றன. விண்ணப்பிக்கும் வாரத்தில் அந்தப் பக்கங்களை மறுபடியும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு பொறி, கணினி அறிவியல். ஒரே பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியலுக்குக் கிடைக்காத இடம் கணிதத்துக்கோ புள்ளியியலுக்கோ கிடைக்கலாம். ஆனால் பிறகு துறை மாறிக்கொள்ளலாம் என்று நம்பிச் சேர்வதற்கு முன், மாற அனுமதி உண்டா என்று துறைக்கு எழுதிக் கேளுங்கள். பல இடங்களில் மாறுவது சேர்வதைவிடக் கடினம்.

5. ஆவணங்களை ஒரே பதிலுக்கு இசைய அமைத்திடுங்கள்

முக்கியமான விண்ணப்பத் தளமான காமன் ஆப்பில் 650 சொல் கட்டுரை ஒன்று இருக்கிறது. அதில் ஜிபிஏவைப் பற்றி எழுத வேண்டாம். பிள்ளை யார் என்பதைச் சொல்லக் கிடைக்கும் ஒரே இடத்தை மன்னிப்புக் கடிதமாக ஆக்கக் கூடாது. விளக்கத்துக்கு "கூடுதல் தகவல்" என்ற பகுதி உண்டு. 2025-26இல் அதன் வரம்பு 300 சொற்கள். நோய், இடமாற்றம், குடும்பச் சிக்கல் போன்றவற்றுக்கு "சவால்களும் சூழ்நிலைகளும்" என்று 250 சொல்லில் தனிக் கேள்வியும் இருக்கிறது. உண்மையான சூழ்நிலை இல்லாதவர்கள் அதைக் காலியாக விடலாம்.

எங்கள் முதல் வரைவு ஒரு வேதியியல் ஆசிரியரைப் பற்றிய புகார்ப் பட்டியலாக இருந்தது. எழுதச் சொன்னவன் நான்தான். மகன் அதைக் கிழித்துவிட்டுத் தானே எழுதியது ஏறக்குறைய இப்படி: "ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளில் வீட்டுப்பாடங்களைச் செய்தும் ஒப்படைக்காமல் விட்டேன். அதனால் ஆறு பாடங்களில் என் கிரேடு தேர்வு மதிப்பெண்ணைவிட மிகவும் குறைந்தது. பதினொன்றாம் வகுப்பின் இரண்டாம் பருவத்திலிருந்து தினமும் மாலை ஒரு பட்டியல் வைத்து ஒப்படைக்கிறேன். அந்தப் பருவத்தில் என் ஜிபிஏ 3.7." நான்கு வாக்கியம். யார் மீதும் பழி இல்லை, கடைசி வாக்கியத்தில் ஓர் எண் இருக்கிறது. உங்கள் பிள்ளையின் விளக்கத்திலும் அப்படிப்பட்ட ஓர் எண் வேண்டும். அந்த எண் இல்லை என்றால், விளக்கத்தை அழகுபடுத்துவதை விட்டுவிட்டு அதை உண்டாக்குவதற்கு நேரம் செலவிடுங்கள்.

கவுன்சிலரின் கடிதமும் இதையே சொல்ல வேண்டும். ஒரு கவுன்சிலர் சில நூறு மாணவர்களைக் கவனிப்பதால், உங்கள் பிள்ளையின் கதை அவருக்குத் தெரிந்திருக்கும் என்று எண்ணாதீர்கள். பதினொன்றாவதின் மே மாதத்தில் பிள்ளையே நேரம் வாங்கிப் பேசட்டும். பள்ளி கொடுக்கும் தன்விவரப் படிவத்தை ஒரு வரியில் முடிக்காமல் நிரப்பட்டும். ஆசிரியர் பரிந்துரைக்கு, எளிதாக ஏ கொடுத்தவரைவிட, பிள்ளை தடுமாறி மேலே வந்ததைக் கண்ணால் பார்த்த பதினொன்றாம் வகுப்பு ஆசிரியரே பொருத்தமானவர். நல்ல ஆசிரியர்களிடம் ஜூனுக்குள் கேட்டுவிட வேண்டும். செப்டம்பரில் "நான் எழுதக்கூடிய கடிதங்களின் எண்ணிக்கை முடிந்துவிட்டது" என்பார்கள். கடிதங்களைப் பார்க்கும் உரிமையைத் துறப்பதாகக் கேட்கும் கட்டத்தில் "ஆம்" என்று குறிப்பதுதான் வழக்கம்.

6. காலக்கெடுவும் செலவும்

காமன் ஆப் ஆகஸ்ட் 1 அன்று திறக்கும். அதில் 20 கல்லூரிகள் வரை சேர்க்கலாம். முன்கூட்டிய சேர்க்கைக்கு நவம்பர் 1 அல்லது 15, வழக்கமான சேர்க்கைக்குப் பெரும்பாலும் ஜனவரி முதல் வாரம்.

"எர்லி டிசிஷன்" என்பது கிடைத்தால் கட்டாயம் சேர வேண்டிய ஒப்பந்தம். அதில் போட்டால் வாய்ப்பு கூடும் என்று எல்லோரும் சொல்வார்கள். நம் பிள்ளைகளின் நிலைக்கு இதை யோசித்துத்தான் செய்ய வேண்டும். நவம்பரில் படிப்பவருக்குப் பதினொன்றாம் வகுப்பு வரையிலான கிரேடுகளே முழுமையாகத் தெரியும். பன்னிரண்டாவதின் முதல் பருவம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தால், ஜனவரிக்குப் பின் பள்ளி அனுப்பும் இடைக்கால அறிக்கையில்தான் அது தெரியவரும். வழக்கமான சேர்க்கை அதற்காகக் காத்திருக்கும். கட்டாயம் இல்லாத "எர்லி ஆக்ஷன்" இருக்கும் இடங்களில் தயங்காமல் போடலாம். முடிவு ஒத்திவைக்கப்பட்டாலும் புதிய கிரேடுகளை அனுப்ப முடியும். இடைக்கால அறிக்கை தானாகப் போய்விடும் என்று இருந்துவிடாதீர்கள். எங்களுக்கு இரண்டு கல்லூரிகளுக்கு அது போகவே இல்லை. பிப்ரவரி கடைசியில் போர்ட்டலில் "கிடைக்கவில்லை" என்று சிவப்பில் இருந்ததைப் பார்த்துத்தான் ஓடினோம்.

11 கல்லூரிகளுக்கு எங்கள் செலவு: விண்ணப்பக் கட்டணம் 825 டாலர், எஸ்.ஏ.டி. மூன்று முறை 204, மதிப்பெண் அனுப்ப 60, நிதியுதவிக்கான சி.எஸ்.எஸ். ப்ரொஃபைல் ஐந்து கல்லூரிகளுக்கு 89. மொத்தம் 1,178. தனியார் ஆலோசகர் ஒருவர் இதற்கு மேல் 4,000 டாலர் கேட்டார். காமன் டேட்டா செட்டை நீங்களே படித்தால் அந்தப் பணம் மிச்சம் என்பது என் கருத்து.

7. நிதியுதவி

கூட்டாட்சி உதவிக்கான ஃபாஃப்சா படிவம் இலவசம். வழக்கமாக அக்டோபர் 1 அன்று திறக்கும். பிள்ளை அமெரிக்காவில் பிறந்த குடிமகன் என்றால், பெற்றோர் எச்1பி விசாவில் இருந்தாலும் அவனுக்குத் தகுதி உண்டு. பிள்ளையே எச்1பி ஊழியரின் குடும்பத்தாருக்கான எச்4 விசாவில் இருந்தால் கூட்டாட்சி உதவி கிடையாது, பல கல்லூரிகள் உதவித்தொகை விஷயத்தில் அவனை வெளிநாட்டு மாணவனாகவே நடத்தும். மாநிலக் கட்டணச் சலுகை மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். இதை விண்ணப்பிக்கும் முன் ஒவ்வொரு கல்லூரியிடமும் மின்னஞ்சலில் கேட்டு, பதிலைச் சேமித்துவையுங்கள்.

8. முடிவுகள் வந்த பிறகு

எங்களுக்கு 11இல் 4 இடம் கிடைத்தது. நான்கும் நாங்கள் உறுதி அல்லது நடுத்தரம் என்று குறித்தவை. நான்கும் கிடைக்காமல் போயிருந்தால் சமுதாயக் கல்லூரிதான் எங்கள் திட்டம், அதை இழிவாக நினைக்க வேண்டாம். நியூஜெர்சியில் சமுதாயக் கல்லூரியில் இரண்டு வருட ஏ.ஏ. அல்லது ஏ.எஸ். பட்டம் முடித்தால், மாநிலத்தின் நான்கு வருட அரசுக் கல்லூரிகளுக்கு அந்தக் கிரெடிட்டுகளை எடுத்துச்செல்ல மாநில அளவில் ஒப்பந்தம் உள்ளது. கலிபோர்னியாவில் இன்னும் நல்ல வழி: மாநிலத்தவருக்கு ஒரு யூனிட் 46 டாலர் கட்டணத்தில் படித்து, நிபந்தனைகளை நிறைவேற்றினால், கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைடு, சாண்டா பார்பரா, சாண்டா குரூஸ் ஆகிய ஆறு வளாகங்களில் ஒன்றில் உறுதியான இடம் பெறலாம். அதற்கான விண்ணப்பம் செப்டம்பர் மாதத்தில். அங்கே பள்ளி ஜிபிஏவை யாரும் கேட்பதில்லை, கல்லூரி கிரேடுகள் மட்டுமே கணக்கு. ஆனால் வீட்டுப்பாடம் ஒப்படைக்காத பழக்கம் அங்கும் கூடவே வந்தால், அந்தக் கிரேடுகள் கல்லூரிப் பதிவில் நிலையாக நின்றுவிடும்.

சேரும் கல்லூரிக்கு முன்பணம் கட்டப் பொதுவாக மே 1 கடைசி நாள். அத்துடன் பிள்ளை புத்தகத்தை மூடிவிடுவான், மூட விடாதீர்கள். சேர்க்கை, இறுதி மதிப்பெண் பட்டியலைப் பொறுத்தது என்று இடம் கொடுத்த கடிதத்திலேயே எழுதியிருக்கும். எல்லைக்கோட்டில் சேர்ந்த பிள்ளையின் ஜூன் மாத கிரேடுகள் சரிந்தால் இடத்தைத் திரும்பப் பெறவும் கல்லூரிக்கு உரிமை உண்டு. அந்த இறுதிப் பட்டியலைப் பள்ளி அனுப்பிவிட்டதா என்று பள்ளி மூடும் கடைசி வாரத்திலேயே நேரில் போய்க் கேளுங்கள், ஏனெனில் ஜூலையில் கவுன்சிலர்கள் விடுமுறையில் இருப்பார்கள்.